அடுப்பங்கரைக்கு எது வேண்டும்?

தறிக்கு ஒரு புது அச்சு வாங்க வேண்டுமென்றால் நம் நெசவாளர் நாலு பேரை விசாரிக்கிறார். திராட்சைப் பந்தலுக்கு மருந்து தெளிக்கும் கருவி வாங்கப் போகும் விவசாயி, பக்கத்துத் தோட்டத்தில் அது ஒரு வெள்ளாமை முழுதும் உழைத்ததா என்று பார்த்த பிறகே மடியை அவிழ்க்கிறார். ஆனால் அதே வீடுகளில் அடுப்பங்கரைக்கு ஒரு யந்திரம் வரும்போது இந்த விசாரணைகளெல்லாம் எங்கோ போய்விடுகின்றன. தவணைக்குக் கிடைக்கிறது என்பது ஒரு காரணம். சம்பந்தி வீட்டில் இருக்கிறது என்பது மற்றொரு காரணம். தொலைக்காட்சியில் ஒருவர் சிரித்துக்கொண்டே காரட்டை நறுக்கிக் காட்டினார் என்பது மூன்றாவது. தேனி முதல் கூடலூர் வரையில் எந்த ஊரிலானாலும் பரண்மீது ஏறிப் பார்த்தால் இக்காரணங்களின் பலன் தெரியும். ரொட்டி சுடும் பெட்டியும், கயிற்றை இழுத்தால் காய் நறுக்கும் டப்பாவும், ஜாடி உடைந்த பழரச யந்திரமும் தூசி படிந்து கிடக்கும். அவற்றை வாங்கிய கடன் மட்டும் கீழே இறங்கி நடமாடிக்கொண்டிருக்கும்.

ஆகவே, எந்தச் சாமான் வாங்கத்தக்கது, எது வேண்டாதது என்பது பற்றி நம் கருத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். புதுமை கூடாது என்பது நம் கட்சியன்று. அம்மியையும் உரலையும் புகழ்ந்து எழுதுவோரில் பெரும்பாலோர் அவற்றில் ஒரு நாளும் அரைத்தவரல்லர், இடித்தவருமல்லர்.

நம் பகுதியில் சமையல் வேலை எந்த நேரத்தில் நடக்கிறது என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் முதலிய ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்மக்கள் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஜீப் ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். பொழுது புலரும் வேளையில் ஜீப் தெருமுனையில் வந்து நிற்கும். அதற்குள் காலை ஆகாரம், தூக்குப் போணிக்குச் சோறு, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சோறு, வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கு மதியத்துக்கு வேண்டியது ஆகிய அனைத்தையும் ஆக்கி இறக்கியாக வேண்டும். எனவே மூன்றரை, நாலு மணிக்கே அடுப்பு எரியத் தொடங்குகிறது. ஆண்டிபட்டியை அடுத்த ஜக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் நேரம் வேறு, நெருக்கடி ஒன்றே. உலை கொதிக்கும் இடைவெளியில் தார் சுற்றுவதும், அறுந்த இழையை முடிவதும், பாவுக்குக் கஞ்சி காய்ச்சுவதும் அந்த ஒரே கைகளின் வேலை.

இப்படிப்பட்ட வீட்டில் ஒரு சாமானை மதிப்பிடுவதற்கு அதன் பளபளப்பு உதவாது. அந்த விடியற்கால வேலையில் அது எவ்வளவு நேரத்தை மீட்டுத் தருகிறது, கெட்டுப்போனால் பஸ் ஏறிப் போய்ப் பொழுது சாய்வதற்குள் சரிசெய்துகொண்டு திரும்ப முடியுமா, மின்சாரம் நின்றால் வீட்டில் சோறு நிற்குமா என்ற மூன்றையும் கேட்டுப் பார்த்தாலே கடையில் இருப்பவற்றில் முக்கால்வாசி கழிந்துவிடும்.

கழியாமல் முதலில் நிற்பது பிரஷர் குக்கர். இதன் மூலக் கருவியைப் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-ல் லண்டனில் செய்து காட்டினார். எலும்பையே கரைத்துவிடும் பாத்திரம் என்று அப்போது வியந்தார்கள். நம் நாட்டில் ஹாக்கின்ஸும், டி.டி.கே. நிறுவனத்தாரின் பிரெஸ்டீஜும் 1959-ல் தோன்றின. இதன் சூட்சுமம் எளியது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் நூறு டிகிரிக்கு மேல் சூடேறாது. எவ்வளவு விறகை வைத்தாலும் ஆவிதான் அதிகமாகும். மூடியை இறுக்கி ஆவியை அடைத்தால் சூடு ஏறக்குறைய 120 டிகிரி வரை ஏறுகிறது. ஒரு மணி நேரம் வேகும் துவரம்பருப்பு கால்மணியில் மசிகிறது. ஏலத்தோட்ட லயங்களில் தங்கி வேலை செய்யும் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆயிரம் மீட்டர் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியை எட்டுமுன்பே கொதித்துவிடுகிறது. கொதிக்கிறது, ஆனால் பருப்பு வேகமாட்டேன் என்கிறது என்று மலைக்குப் புதிதாகப் போனவர்கள் சொல்வது பருப்பின் குற்றமன்று.

குக்கர் வெடிக்கும் என்ற பயம் இன்னும் பலருக்கு உண்டு. பயம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. வெயிட் அமரும் துளையில் பருப்புத் தோல் அடைத்துக்கொண்டாலும், பாதுகாப்பு வால்வு உருகிய பிறகு அதற்குப் பதிலாக எதையேனும் வைத்து அடைத்தாலும் ஆபத்துத்தான். தினம் அந்தத் துளையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பதற்கு அரை நிமிஷம் போதும். பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பலாகாது. பொங்கும் பருப்பு வகையானால் பாதியோடு நிறுத்த வேண்டும். 2021 முதல் வீட்டு உபயோகக் குக்கர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. முத்திரையில்லாத குக்கரைச் சந்தையில் எவரேனும் பாதி விலைக்குத் தந்தாலும் அதனருகே போகலாகாது. சிக்கனம் பேசும் நாமே இதைச் சொல்கிறோம்.

அடுத்தது மாவாட்டும் கிரைண்டர். இது தமிழ்நாட்டுப் பெண்களின் தோள்வலியிலிருந்து பிறந்த யந்திரம் என்றே சொல்லலாம். 1955-ல் கோயமுத்தூரில் பி. சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லை மின்மோட்டாருடன் இணைத்ததே இதன் ஆரம்பமென்று கூறுவர். 2005–06-ல் கோயமுத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றுவது ஒரு கை, மாவைத் தள்ளிக் கொடுப்பது மற்றொரு கை, வீட்டில் ஆறு பேரென்றால் ஒன்றரை மணி நேர வேலை. அதைச் செய்துவிட்டுத்தான் நம் தாய்மார்கள் களையெடுக்கப் போனார்கள். கிரைண்டருக்குச் செலவும் சொற்பமே. 150 வாட் மோட்டார் நாற்பது நிமிஷம் ஓடினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான் ஆகிறது.

மிக்ஸி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர் உண்டு. மிக்ஸி கத்தியால் வெட்டுகிறது. கிரைண்டர் கல்லால் நசுக்குகிறது. கத்தி வேகமாகச் சுழலும்போது மாவு சூடேறிவிடுகிறது. கல்லில் மெதுவாக அரைபடும் உளுந்து காற்றை வாங்கிப் பொங்கிவருகிறது. அதே படி உளுந்துக்கு இட்லியும் கூடுதலாகக் காண்கிறது. ஒரு நாள் ஆட்டிய மாவு இரண்டு மூன்று விடியற்காலைகளைத் தாங்குமென்பதால், நாலு மணிக்கு எழும் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை. எந்த வகைக் கிரைண்டர் என்றால், மேஜைமேல் வைக்கும் சிறிய வகை நாலைந்து பேர் கொண்ட குடும்பத்துக்குப் போதும். கூட்டுக்குடும்பமானால் கவிழ்த்து மாவெடுக்கும் பெரிய வகையே உழைக்கும். கல் வழவழப்பாகிவிட்டால் யந்திரத்தையே மாற்றச் சொல்லுகிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள். கொத்திக் கொடுக்கும் ஆள் உள்ளவரையில் மாற்ற வேண்டியதில்லை.

மிக்ஸியைப் பற்றி நமக்கு அவ்வளவு உயர்ந்த அபிப்பிராயம் இல்லையென்றாலும், வேண்டாம் என்று சொல்ல முடியாது. சட்னிக்கும் குழம்பு மசாலாவுக்கும் அது வேண்டியதே. அது பிறந்த கதையும் நம் விஷயத்துக்குப் பொருத்தமானது. 1960-களில் பம்பாயில் சத்யபிரகாஷ் மாத்தூர் என்ற இஞ்சினீயர் வீட்டில் வெளிநாட்டிலிருந்து வந்த அரைக்கும் யந்திரம் ஒன்று பழுதாகிப் போயிற்று. மேல்நாட்டில் அது பழத்தையும் பாலையும் கலக்குவதற்குச் செய்யப்பட்டது. ஊறவைத்த பருப்பையும் மிளகாயையும் அதில் போட்டால் எப்படித் தாங்கும்? இங்கே அதைப் பழுதுபார்க்கவும் வழியில்லை. ஆகவே நம் சமையலுக்கு ஏற்ற வலுவான மோட்டாரும் கத்தியும் வைத்து அவரே ஒன்றைச் செய்தார். அதுவே சுமீத் மிக்ஸி. நம் வீட்டுச் சரக்கை அரைக்காத யந்திரத்தை, எவ்வளவு பெரிய நாட்டில் செய்திருந்தால்தான் என்ன? வாங்குகிறவர்கள் இரண்டு ஜாடி உள்ளதாகப் பார்த்து வாங்கினால் போதும். ஐந்து ஜாடியும் பழரசக் குடுவையும் சேர்த்துத் தருவது பெட்டியைப் பெரிதாகக் காட்டுவதற்கே.

2011 செப்டம்பரில் தமிழக அரசு குடும்ப அட்டைதாரர்களுக்கு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையில்லாமல் வழங்கத் தொடங்கியது. அதுவரை தவணைக்கும் எட்டாதிருந்த குடிசைகளிலும் அவை வந்து சேர்ந்தன. நல்ல காரியம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அடுத்த ஆண்டிலேயே என்ன நேர்ந்தது என்பது நினைவிருக்கும். 2012-ல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு. லோயர்கேம்ப்பில் பெரியாற்றுத் தண்ணீர் மின்சாரமாகிக்கொண்டிருக்க, அந்தத் தண்ணீர் பாயும் ஊர்களிலேயே வீடுகள் இருட்டில் கிடந்தன. கொல்லையில் தூக்கிப் போட்ட அம்மியைத் திரும்ப எடுத்து நிறுத்திய வீடுகள் பல. விற்றுவிட்ட வீடுகளில் அண்டை வீட்டு அம்மிக்கு வரிசை நின்றது. இன்று அந்த நிலை இல்லை. இருந்தாலும் அம்மியைக் கழித்துக் கட்டுவது புத்திசாலித்தனமல்ல என்றே கருதுகிறோம். அதற்குத் தீனி வேண்டாம். மூலையில் கிடந்தால் கிடக்கட்டும்.

நெசவாளர் வீட்டுக்கென்று ஒரு தனி விஷயம் உண்டு, அது புகை. குழித்தறி போட்ட கூடத்துக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு கதவுகூட இருப்பதில்லை. வெள்ளைப் பாவில் கரி படிந்தால் துணியின் தரம் குறையும், கூலியில் பிடித்தம் வரும். அதைவிடப் பெரிய சேதம் நெஞ்சுக்குள் நடக்கிறது. வீட்டு அடுப்புப் புகையினால் உலகெங்கும் 2020-ல் 32 லட்சம் பேர் மாண்டார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நம் அண்டையிலுள்ள டி. கல்லுப்பட்டியில் கடைசிக் காலத்தைக் கழித்த ஜே.சி. குமரப்பா, வார்தா மகன்வாடியில் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய பெரியார். அந்த மகன்வாடியிலிருந்து வெளிவந்ததே மகன் சுல்லா என்ற புகையில்லா அடுப்பு. பிற்காலத்தில், 1983-ல், மத்திய அரசே சீர்திருத்த அடுப்புத் திட்டம் ஒன்றை நாடு முழுவதும் தொடங்கி 2002-ல் கைவிட்டது. கட்டிக் கொடுத்த அடுப்புகளில் பல விரிந்துபோயின. குழாயில் கரி அடைத்தது. திரும்ப வந்து பார்ப்பவர் இல்லை. சில வீடுகளில் அந்த அடுப்பின் வாய்க்குள் அவர்கள் பானையே அடங்கவில்லை. சமைப்பவளைக் கேளாமல் செய்த அடுப்புக்கு இந்தக் கதி வந்ததில் ஆச்சரியமில்லை.

காஸ் அடுப்பே இப்போது பரிகாரமாக வந்திருக்கிறது. 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தினால் இணைப்புப் பரவிற்று. ஆனால் 14.2 கிலோ சிலிண்டர் தீர்ந்த பிறகு அடுத்ததற்குப் பணம் புரட்டுவதற்குள் விறகடுப்பு மூண்டுவிடுகிறது. குக்கரை நாம் முதலில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். பருப்பையும் பயறையும் குக்கரில் போட்டால் அதே சிலிண்டர் இன்னும் பல நாள் வருகிறது. மின்சாரத் தூண்டல் அடுப்பை விற்பவர்கள் 2016 முதல் இரு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்பதைக் காட்டிப் பேசுகிறார்கள். அந்த அடுப்பு முழு வேகத்தில் ஒரு மணி நேரம் எரிந்தால் இரண்டு யூனிட் தின்னும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுவது நல்லது. கைக்குழந்தைக்கு வெந்நீர் வைப்பதற்கும், சிலிண்டர் தீர்ந்த வாரத்துக்கும் அது சரி.

பழைய சாமான்களில் எவற்றுக்கு இன்னும் மாற்று வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரிவாள்மனைக்கு வரவில்லை. வாழைப்பூவை ஆய்ந்து நறுக்கவும், பலாக்கொட்டை கீறவும், சேனையைத் துண்டு போடவும் இரண்டு கையும் காய்மேலேயே இருக்கக்கூடிய வேறு கருவி எது? குந்தி உட்கார முடியாதவர்களுக்கு மேஜையில் பொருத்தும் வகையும் விற்கிறது. தேங்காய்த் துருவி, இடியாப்ப உழக்கு, குழிப்பணியாரச் சட்டி, சுளகு ஆகியவையும் அப்படியே. இரும்புத் தோசைக்கல்லும் இருப்புச் சட்டியும் இருக்கும் வீட்டில் ஒட்டாத பூச்சுப் பூசிய சட்டிக்கு இடம் தேவையில்லை. பூச்சு மேல்நாட்டு மரக்கரண்டிக்குத் தாங்கும், நம் வீட்டு இரும்புத் தோசைக்கரண்டிக்குத் தாங்காது. மேலும் புளி சேர்த்த பண்டத்தை இரும்பில் சமைத்தால் சிறிதளவு இரும்புச் சத்து உணவில் இறங்குகிறது. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் சோகை உடையவர்களாகக் காணப்பட்டார்கள். சட்டியினாலேயே சோகை தீராது. இருக்கிற சட்டியைக் காயலான் கடையில் போடாமலிருக்க அது ஒரு காரணமாகலாம். புளிக்குழம்பை அதிலேயே இராத்திரி முழுதும் வைத்திருக்க மட்டும் கூடாது. நிறமும் ருசியும் கெடும்.

தூக்குப் போணியைப் பற்றி ஒரு வார்த்தை. எவர்சில்வரில், மூடி இறுக அமர்வதாக, கைப்பிடி வளையம் உறுதியாக உள்ள ஒன்றை நல்ல விலை கொடுத்தே வாங்கலாம். மலைக்குப் போகிற பெண்ணுக்கு அடுப்பங்கரையில் உள்ள எந்த யந்திரத்தையும்விட அதுவே நெருங்கிய துணை.

சீர்வரிசை விஷயத்தில் நம் பகுதியின் பெருமை தெரிந்ததே. காதணி விழாவுக்குத் தாய்மாமன் லாரியில் சீர் கொண்டுவருவதும், அதை நோட்டில் எழுதி வைத்துத் திருப்பிச் செய்வதும் ஆண்டிபட்டிக் கணவாய்க்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் வழக்கமாக இருக்கின்றன. மொய் முறையை நாம் இங்கே குறைசொல்ல வரவில்லை. ஆபத்துக்கு அது பலருக்கு உதவியிருக்கிறது. ஆனால் ஒரே வீட்டுக்கு மூன்று ஹாட்பாக்ஸும், இரண்டு மிக்ஸியும், நாலு குத்துவிளக்கும் போய்ச் சேர, குக்கர் ஒன்றுகூட வராத கல்யாணங்கள் உண்டு. தாய்மாமன்மார் தங்களுக்குள் பேசிக்கொண்டு, பெண்ணையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்தால் சீரின் மதிப்பு எள்ளளவும் குறையாது.

இனி, நம் மனத்தை உறுத்தும் விஷயத்துக்கு வருவோம். கிரைண்டரும் குக்கரும் மிச்சப்படுத்திய நேரம் எங்கே போயிற்று? ஆட்டுக்கல்லின் முன் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்த பெண் இப்போது அந்த நேரத்தில் ஓய்ந்து உட்கார்ந்திருக்கிறாளா என்றால், இல்லை. தறி வீட்டில் இன்னும் பத்துத் தார் சுற்றுகிறாள். சேலைக்கு இவ்வளவு என்று பேசிய கூலியில் தார் சுற்றியதும் பாவு தயாரித்ததும் சேர்ந்தேயிருக்கின்றன. பணம் பெரும்பாலும் தறியில் உட்கார்ந்தவர் கையில் வருகிறது. யந்திரத்தை அவளுக்காக வாங்கினோம் என்கிறார்கள். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அது தறிக்காகவே வாங்கியதாக முடிகிறது.

இதற்கு நாம் சொல்லும் வழி ஒன்று உண்டு; சிலர் சிரிக்கலாம். அம்மியும் ஆட்டுக்கல்லும் பெண்களின் வேலை என்று காலங்காலமாகப் பழகிவிட்டது. கிரைண்டருக்கு அப்படிப்பட்ட சம்பிரதாயம் எதுவும் ஏற்படவில்லை. விசைத்தறி மோட்டாரைக் கழற்றி எண்ணெய் விட்டு மாட்டத் தெரிந்த ஆண்பிள்ளைக்கு, உளுந்தை ஊறவைத்து ஒரு பொத்தானைத் தட்டத் தெரியாதா? பம்புசெட்டை நடுராத்திரியில் எழுந்து போட்டுவிட்டு வருகிற விவசாயிக்கு விசில் மூன்று எண்ணி அடுப்பை அணைப்பது அவ்வளவு பெரிய வித்தையா? யந்திரம் வந்த வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் மாவாட்டுவது வீட்டு ஆண்களுடையது என்று ஏற்பட்டால், அந்த நேரம் உண்மையாகவே அவளுக்கு மிச்சம். அவள் அதில் தூங்கினாலும் சரி, வாசலில் உட்கார்ந்து பேசினாலும் சரி, யாரும் கணக்குக் கேட்க வேண்டியதில்லை.

பழுதுபார்ப்பதில் நம் சங்கங்கள் செய்யக்கூடியது ஏராளம். ஐந்நூறு ரூபாய் உதிரிப்பாகம் கிடைக்காமல் ஐயாயிரம் ரூபாய் யந்திரம் பரணுக்குப் போவதே வழக்கமாக இருக்கிறது. சங்கத்தின் பண்டகசாலையில் ஓர் அலமாரி ஒதுக்கி, குக்கர் கேஸ்கெட், பாதுகாப்பு வால்வு, மிக்ஸிக் கப்ளர், கத்தி, கிரைண்டர் பெல்ட் ஆகியவற்றை வைத்திருக்கலாம். மாதம் ஒரு நாள், கூலி கொடுக்கும் கிழமையாகப் பார்த்து, ஒரு மெக்கானிக்கையும் கல் கொத்துபவரையும் சங்க வாசலுக்கு வரவழைக்கலாம். ஊரில் பெரும்பாலான வீடுகளில் எந்தெந்த வகை யந்திரம் இருக்கிறதென்று அங்கத்தினர்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டு பிறகு சரக்கெடுப்பது உத்தமம். இல்லாவிட்டால் அலமாரியே இன்னொரு பரணாகிவிடும்.

அதுவரையில், கேஸ்கெட் வாங்கப் போகிறவர்கள் பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு போகவும். ஐந்து லிட்டர் என்று மட்டும் சொன்னால் போதாது; கம்பெனிக்குக் கம்பெனி வட்டம் மாறும். பொருந்தாத கேஸ்கெட்டோடு கம்பத்திலிருந்து கோம்பைக்குத் திரும்பி வந்தால், மறுநாள் மறுபடியும் பஸ் ஏற வேண்டியதுதான்.